உள்பையில் இரண்டு பெயர்கள்

மேசைமேல் விரித்த வெள்ளைத் துணியில் ஒரு பழைய கோட்டு கிடக்கிறது. பிரிட்டிஷ் காலாட்படை அதிகாரி ஒருவருடைய விழாச் சீருடை. செக்கச்சிவந்த கம்பளித் துணி, வெள்ளைக் கழுத்துப்பட்டை, வெள்ளைக் கைமுனைகள், முன்பக்கம் எட்டுப் பொத்தான்கள், பின்னால் இடுப்பருகே இரண்டு. பார்க்கிறவர் கண் முதலில் ஜரிகைக்குத்தான் போகும். சேகரிப்பவர் கை கோட்டுக்குள்ளே போகும். உள்பையில் தையற்காரரின் சீட்டு தைத்திருக்கும். வாடிக்கையாளர் பெயரையும் தைத்துக்கொடுத்த தேதியையும் அதில் மையால் எழுதியிருப்பார்கள். இந்தக் கோட்டில் அந்தப் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்திருக்கிறது. அதன் கீழே வேறு மையில், வேறு கையெழுத்தில், இன்னொரு பெயர்.

அக்குளுக்குக் கீழே பக்கத் தையலைப் பிரித்து ஒரு விரற்கடை தளர்த்தியிருக்கிறார்கள். பழைய தையல் ஓடிய இடத்தில் ஊசித்துளைகள் வரிசையாக அப்படியே தெரிகின்றன. தோளில் ஓடும் தங்கக் கயிற்றுப் பின்னலில் ஒரே ஒரு நட்சத்திரம். பத்துப் பொத்தான்களில் ஒன்றின் கிரீடம் மட்டும் மற்ற ஒன்பதைப் போல இல்லை.

நட்சத்திரத்தைத் தவிர மற்ற மூன்றையும் குறை என்று சொல்லி, விலையைக் குறைத்துத்தான் விற்றவர் இதை எனக்குக் கொடுத்தார். நான் இதை வாங்கியதே அந்தக் குறைகளுக்காகத்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து விழாச் சீருடைகளைச் சேகரிப்பவர்கள் எதைத் தேடுகிறார்கள், எங்கே ஏமாறுகிறார்கள் என்பதில் பாதியை இந்த ஒரு கோட்டை வைத்தே சொல்லிவிடலாம். மீதிப் பாதிக்கு முன், இவ்வளவு வண்ணம் ஏன் வந்தது, ஏன் போனது என்று பார்க்க வேண்டும்.

படைவீரனுக்குக் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் உடை கொடுத்தது வெறும் ஆடம்பரத்துக்காக என்று நினைப்பது தவறு. கருமருந்துக் காலத்துப் போர்க்களம் புகைமூட்டமாக இருந்தது. வரிசையாக நின்று நான்கு முறை சுட்டால் போதும், எதிரே நிற்பவர் யார், பக்கத்தில் நிற்பவர் யார் என்று தெரியாது. தளபதி குன்றின்மேல் நின்று பார்க்கும்போது தன் படை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சிவப்பும் நீலமும் தேவைப்பட்டன. 1884இல் பால் வியேய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் புகையில்லாத வெடிமருந்தைக் கண்டுபிடித்தார். இரண்டே ஆண்டுகளில், 1886இல், அதைப் பயன்படுத்தும் லெபெல் துப்பாக்கி பிரெஞ்சுப் படைக்கு வந்தது. மற்ற நாடுகளும் பின்னாலேயே ஓடின. புகை விலகியது, துப்பாக்கியின் எட்டும் தூரம் கூடியது. அதுவரை உயிரைக் காத்த நிறம், அதன் பிறகு உயிரை வாங்கும் நிறமாகிவிட்டது.

மண் நிறம் அதற்கு முன்பே ஒரு மூலையில் தொடங்கியிருந்தது. 1846இல் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் திரட்டிய கைட்ஸ் படையினர் தூசி நிற உடை அணிந்தார்கள். தூசியைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்ததுதான் காக்கி. 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் பாறைக்குப் பின்னால் இருந்து சுடும், கண்ணுக்கே தெரியாத எதிரியைப் பிரிட்டிஷ் படை சந்தித்தது. 1902இல் உள்நாட்டிலும் காக்கியே பணிச் சீருடை ஆயிற்று. அதே ஆண்டில் அமெரிக்கப் படை மங்கிய பச்சை கலந்த பழுப்புக்கு மாறியது. ஆஸ்திரிய-ஹங்கேரியக் காலாட்படை 1908இல் நீலச்சாம்பலுக்கும், ஜெர்மானியப் படை 1910இல் களச்சாம்பலுக்கும் வந்தன. 1904–05 போரில் மோதிக்கொண்ட ரஷ்யாவும் ஜப்பானும் அந்தப் போரின் பாடத்தைத் தங்கள் துணியில் எழுதிக்கொண்டன.

ஆனால் பழைய வண்ண உடையை யாரும் உடனே தூக்கி எறியவில்லை. அணிவகுப்பு, அரசவை, திருமணம், இறுதி ஊர்வலம் எல்லாவற்றுக்கும் அது பெட்டியில் தயாராக இருந்தது. ஆகவே 1902க்கும் 1914க்கும் இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் ஐரோப்பியப் படை அதிகாரி ஒருவருக்குப் பொதுவாக இரண்டு உடைத் தொகுதிகள் இருந்தன: போருக்கு மண் நிறம், விழாவுக்கு வண்ணம். போர்க்களத்தில் நிறத்துக்கு வேலை போன பிறகு, அதன் முழுக் கவனமும் விழாவுக்குத் திரும்பியது. ரஷ்யாவில் ஜார் இரண்டாம் நிக்கோலாஸ், ஜப்பானிடம் தோற்ற படையின் மனத்தைத் தேற்ற ஆடம்பரமான சீருடைகளைத் திரும்பக் கொண்டுவந்தார். 1913இன் ஏற்பாட்டில், சாதாரணக் களக் கோட்டின் மார்பில் வண்ணத் துணி ஒன்றைப் பொருத்திக்கொண்டால் அதுவே அணிவகுப்புக் கோட்டாகிவிடும். சேகரிப்பவர்கள் இந்தக் காலத்தின்மேல் உயிரை வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். தையற்கலை உச்சத்தில் இருந்தது; அந்த உடை எந்த உலகத்துக்காகத் தைக்கப்பட்டதோ அந்த உலகம் முடிந்துகொண்டிருந்தது.

பிரான்சின் கதை தனி. 1829 முதல் பிரெஞ்சுக் காலாட்படை அணிந்த சிவப்புக் கால்சட்டையை மாற்றும் பேச்சு எழுந்தபோதெல்லாம், அது நாட்டின் மானத்தைக் கழற்றுவது போல என்று எதிர்ப்பு வந்தது. 1914 ஆகஸ்டில் அந்தப் படை சிவப்புக் கால்சட்டையோடும் கருநீல மேலங்கியோடும்தான் போருக்குப் போனது. ஆகஸ்ட் 22 ஒரே நாளில் ஏறத்தாழ 27,000 பிரெஞ்சு வீரர்கள் இறந்தார்கள். எல்லாப் பழியையும் கால்சட்டை மேல் போடுவது நியாயமில்லை. இயந்திரத் துப்பாக்கிக்கு எதிரே நெருக்கமான வரிசையில் ஓடச்சொன்ன போர்முறைதான் பெரிய கொலையாளி. அந்தச் சிவப்பும் துணை செய்தது என்பதை மறுக்கவும் முடியாது.

இதில் என்னை எப்போதும் நிறுத்திவைக்கும் செய்தி ஒன்று உண்டு. அந்தச் சிவப்பு, மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேரிலிருந்து எடுத்த சாயமாகத் தொடங்கியது. பிரான்சின் தென்பகுதி உழவர்கள் அந்தச் செடியைப் பயிரிட்டு வாழ்ந்தார்கள். 1868இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் கிரேபேவும் லீபர்மானும் அதே சாயத்தை ஆய்வகத்தில் செய்துகாட்டினார்கள். சில ஆண்டுகளில் செடிச்சாயம் சந்தையிலிருந்து மறைந்தது. எனவே 1914இல் பிரெஞ்சுப் படையின் தேசியச் சிவப்பு ஜெர்மானியத் தொழிற்சாலைச் சாயத்தை நம்பி இருந்தது. போருக்குச் சற்று முன்பு ஏற்ற புதிய சீருடைத் துணியிலும் நீலம், வெள்ளை, சிவப்பு ஆகிய மூன்று நிற இழைகளைக் கலந்து நெய்யத் திட்டமிட்டிருந்தார்கள். போர் வந்ததும் சிவப்புச் சாயம் வரும் வழி அடைபட்டது. சிவப்பு இழையை விட்டுவிட்டு நெய்தபோது கிடைத்த வெளிர்நீலத்துக்குத்தான் தொடுவான நீலம் என்று பெயர் வைத்தார்கள். 1915 முதல் பிரெஞ்சுப் படையின் அடையாளமான அந்த அழகிய நீலம், ஒரு சாயம் கிடைக்காமல் போனதால் பிறந்தது. அந்தத் துணியை உருப்பெருக்கியில் பார்த்தால் நீலத்துக்கிடையே வெள்ளை இழைகள் தனித்தனியாகத் தெரியும். சிவப்பு இருந்திருக்க வேண்டிய இடத்தை மனம் தானாகத் தேடும்.

நிறம் ஒரு மொழியாகவே இருந்தது என்பதற்கு ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையைவிட நல்ல சான்று இல்லை. அதன் பொதுப் படையில் 102 காலாட்படை ரெஜிமென்டுகள், அதாவது தனிப் பெயரும் அடையாளமும் கொண்ட படைப்பிரிவுகள். எல்லோருக்கும் கருநீலக் கோட்டுதான். கழுத்துப்பட்டை, கைமுனை ஆகியவற்றின் நிறத்தை வைத்துத்தான் யார் எந்த ரெஜிமென்ட் என்று சொல்ல வேண்டும். 28 நிறங்கள் இருந்தன. அவற்றில் சிவப்பு வகை மட்டும் பத்து. பொத்தான் மஞ்சளா வெள்ளையா என்று பார்த்தால் இரட்டிப்பு. ஜெர்மானியப் பாணிக் கைமுனையா ஹங்கேரியப் பாணிக் கூர்முனையா என்று பார்த்தால் மறுபடியும் இரட்டிப்பு. 28ஐ இப்படி இரண்டு முறை இரட்டித்தால் 112 வருகிறது. 102 ரெஜிமென்டுக்குப் போதும்.

சேகரிப்பவருக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. நூறு ஆண்டு வெளிச்சம் பட்ட செர்ரிச் சிவப்பு, செங்கல் சிவப்பாகத் தெரியும். வெளுத்த ரோஜா நிறம் இன்னொரு ரெஜிமென்டின் வெளிர்சிவப்பாகத் தெரியும். நிறத்தை வெளியில் பார்த்துத் தீர்மானித்தால் வேறு ஊர்ப் படையின் பெயரை அதற்குச் சூட்டிவிடுவோம். கழுத்துப்பட்டையின் மடிப்புக்குள், பொத்தானின் அடியில், தையல் ஓரத்தின் உள்பக்கத்தில் வெளிச்சம் படாத நிறம் இருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் பார்ப்பதும் முக்கியம். மஞ்சள் விளக்கின் கீழ் சிவப்பு வகைகளைப் பிரிக்க முயன்று நான் ஒரு மாலை முழுவதையும் வீணாக்கியிருக்கிறேன்.

பிரிட்டிஷ் கோட்டுகளைப் படிப்பது இதைவிட எளிது. விதிகள் அச்சில் கிடைப்பது ஒரு காரணம்: அதிகாரிகளின் உடை விதி நூல் 1900, 1904, 1911 ஆகிய ஆண்டுகளில் வெளியாகியிருக்கிறது. 1881இன் சீர்திருத்தத்தில் கழுத்துப்பட்டை, கைமுனை நிறங்களைப் பொதுவாக நான்குக்குள் அடக்கினார்கள். அரச ரெஜிமென்டுகளுக்கு நீலம், இங்கிலாந்து, வேல்ஸ் படைகளுக்கு வெள்ளை, ஸ்காட்லாந்துக்கு மஞ்சள், அயர்லாந்துக்குப் பச்சை. பழைய நிறத்தை இழந்த ரெஜிமென்டுகள் விடாமல் மனுப்போட்டன. சில வென்றன, பஃப்ஸ் ரெஜிமென்ட் தன் பெயருக்கே காரணமான வெளிர்மஞ்சள் பழுப்பை 1890இல் திரும்பப் பெற்றது. அரச காவற்படைகளின் கோட்டில் பொத்தானை எண்ணினாலே போதும். கிரெனேடியர் காவற்படைக்குப் பொத்தான்கள் ஒவ்வொன்றாக, கோல்ட்ஸ்ட்ரீமுக்கு இரண்டிரண்டாக, ஸ்காட்ஸுக்கு மும்மூன்றாக, 1900இல் தொடங்கிய ஐரிஷ் படைக்கு நந்நான்காக, 1915இல் தொடங்கிய வெல்ஷ் படைக்கு ஐந்தைந்தாக.

ஆண்டைக் கண்டுபிடிக்கக் கிரீடமும் நட்சத்திரமும் இரண்டு திறவுகோல்கள். விக்டோரியா காலத்துக் கிரீடத்தின் வளைவுகள் தோளில் மடங்கி, பக்கவாட்டில் சற்றுத் துருத்தி நிற்கும். 1901இல் ஏழாம் எட்வர்ட் பட்டத்துக்கு வந்ததும் டியூடர் கிரீடம் வந்தது. அதன் வளைவு மேல்நோக்கிக் குவிந்த அரைவட்டம். இரண்டாம் எலிசபெத் காலத்தில் உச்சி நடுவே குழிந்த கிரீடத்துக்கு மாறினார்கள். குழிந்த கிரீடம் உள்ள பொத்தான்களோடு ஒரு கோட்டை 1910ஆம் ஆண்டுக் கோட்டு என்று யாராவது விற்றால், பொத்தான் மாறியதா கோட்டே பிற்காலத்ததா என்று கேட்கத் தொடங்கிவிடலாம். மூன்றாம் சார்லஸ் மறுபடியும் டியூடர் கிரீடத்தையே தேர்ந்தெடுத்திருப்பதால், இனி வரும் சேகரிப்பாளர்களுக்கு இந்தத் திறவுகோல் கொஞ்சம் வழுக்கும்.

நட்சத்திரத்தின் கதையும் இப்படித்தான். 1880 முதல் 1902 வரை கேப்டனுக்கு இரண்டு நட்சத்திரம், லெஃப்டினன்டுக்கு ஒன்று, இரண்டாம் லெஃப்டினன்டுக்கு ஒன்றுமில்லை. 1902இல் ஆளுக்கு ஒன்று கூடியது. ஆகவே ஒற்றை நட்சத்திரம் 1902க்கு முன் என்றால் லெஃப்டினன்ட், பின் என்றால் இரண்டாம் லெஃப்டினன்ட். என் கோட்டின் சீட்டில் இருக்கும் தேதி 1902க்குப் பிந்தையது. அப்படியானால் அதை அணிந்தவர் படையில் அப்போதுதான் சேர்ந்த இளைஞர். இருபது வயதை ஒட்டி இருந்திருப்பார்.

சீட்டில் இரண்டு பெயர் ஏன்? அதிகாரிகள் தங்கள் சீருடையைத் தங்கள் பணத்தில் வாங்க வேண்டும். சம்பளத்தை மட்டும் வைத்து அந்தச் செலவைத் தாங்க முடியாது. குடும்பச் சொத்து இல்லாதவர்களுக்கு நல்ல ரெஜிமென்டுகளின் கதவு திறக்கவே இல்லை. விலகிப் போகிறவரிடமிருந்தோ, பதவி உயர்ந்தவரிடமிருந்தோ, இறந்தவரின் குடும்பத்திடமிருந்தோ பழைய கோட்டை வாங்கித் தளர்த்திப் போட்டுக்கொள்வது வசதி குறைந்த இளைஞருக்கு ஒரு வழியாக இருந்தது. தையலைப் பிரித்த அந்த விரற்கடை அகலம் இரண்டு உடம்புகளுக்கு இடையிலான வித்தியாசம். பொருந்தாத பொத்தான் விக்டோரியா காலத்துக் கிரீடம் கொண்டது. கழன்று விழுந்ததற்குப் பதிலாக, அவசரத்தில், கையில் கிடைத்த பழையதை வைத்துத் தைத்திருக்கிறார்கள். அதைத் தைத்த நூலும் வேறு.

இங்கே நின்று ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. சேகரிப்புகளில் ஏன் அதிகாரிகளின் கோட்டுகளே நிறைந்திருக்கின்றன? படையில் அதிகாரிகள் சிறு பங்கு, சிப்பாய்கள்தான் பெரும்பான்மை. விடை சொத்துரிமையில் இருக்கிறது. அதிகாரியின் கோட்டு அவருடைய சொந்தச் சொத்து. அது வீட்டுக்குப் போனது, பரணில் கிடந்தது, பேரன் கைக்கு வந்தது. சிப்பாயின் கோட்டு அரசாங்கத்தின் சொத்து. திருப்பிக் கொடுக்க வேண்டும், அடுத்தவருக்குப் போகும், அவரும் கிழித்த பிறகு கந்தலாகும். 1914இல் லட்சக்கணக்கில் ஆள் சேர்ந்தபோது காக்கித் துணி போதாமல் நீலத் துணியில் தைத்தார்கள். சில இடங்களில் கிடங்கிலிருந்த பழைய சிவப்புக் கோட்டுகளையும் பயிற்சிக்குக் கொடுத்தார்கள். சேற்றில் புரண்டு அவை முடிந்தன. அதனால் அரசாங்க முத்திரையும் அளவு எண்ணும் உள்துணியில் பதிந்த, முரட்டுத் துணியில் தைத்த சாதாரணச் சிப்பாய்க் கோட்டு ஒன்று கிடைத்தால், ஜரிகை மின்னும் மூன்று அதிகாரிக் கோட்டுகளைவிட அதைத்தான் நான் எடுத்துக்கொள்வேன். சந்தை விலை இதற்கு எதிராகவே பேசுகிறது. சந்தை ஜரிகையை எடைபோடுகிறது என்பது என் எண்ணம்.

ஜெர்மானியப் படையில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சுவையான வகை உண்டு. படித்த, வசதியுள்ள இளைஞர்கள் இரண்டு மூன்று ஆண்டுக்குப் பதிலாக ஓராண்டு மட்டும் பணிசெய்யலாம். உடையையும் உணவையும் தங்கள் செலவில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓராண்டுத் தொண்டர் என்று அவர்களுக்குப் பெயர். அவர்களின் தோள்பட்டையின் விளிம்பில், தங்கள் மாநில நிறங்கள் இரண்டும் முறுக்கிய மெல்லிய கயிறு ஓடும். பிரஷ்யாவுக்குக் கறுப்பும் வெள்ளையும், பவேரியாவுக்கு வெள்ளையும் நீலமும். பதவி சிப்பாய், துணியோ அதிகாரிக்குரிய மெல்லிய துணி. அந்தக் கயிற்றை விரலால் தடவினால் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கணக்குப் புத்தகமே தெரியும்.

கூர்முனைத் தலைக்கவசத்தைச் சொல்லாமல் ஜெர்மனியைக் கடக்க முடியாது. 1842இல் பிரஷ்யாவில் வந்த பதப்படுத்திய தோல் கவசம் அது. பீரங்கிப்படைக்குக் கூர்முனைக்குப் பதில் உருண்டை. முன்தகட்டில் பிரஷ்யக் கழுகு. பவேரியா என்றால் சிங்கங்கள் தாங்கும் கேடயம். இரண்டு பக்கமும் வண்ண வட்டங்கள்: ஒன்று மாநிலத்துக்கு, இன்னொன்று 1897இல் பேரரசுக்காகச் சேர்த்தது. ஒரே ஒரு வட்டத்துக்கு மட்டும் இடமுள்ள கவசம் 1897க்கு முந்தையது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் இந்தக் கவசங்கள் ஏராளமாக, அணிந்த சுவடே இல்லாமல் கிடைப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. போர் முடிந்து ஜெர்மானியக் கிடங்குகளில் கைப்பற்றியவற்றை 1919இன் போர்க்கடன் பத்திர விற்பனைக்குக் கவர்ச்சியாகக் கொண்டுவந்தார்கள். நியூயார்க்கில் ஆயிரக்கணக்கான கவசங்களை அடுக்கிப் பிரமிடே கட்டினார்கள்.

துணியை இவ்வளவு நுணுக்கிப் படிக்க வேண்டுமா, காகிதத்தில் தேடினால் போதாதா என்று கேட்கலாம். காகிதத்துக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். 1940 செப்டம்பரில் லண்டனில் விழுந்த குண்டுகளில் முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் சிப்பாய்களுடைய பணிப் பதிவேடுகளில் பாதிக்கும் மேல் எரிந்துபோயின. 1945 ஏப்ரலில் போட்ஸ்டாமில் பிரஷ்யப் படையின் ஆவணக் காப்பகம் எரிந்தது. 1973இல் செயின்ட் லூயிஸில் ஏற்பட்ட தீயில் 1912 முதல் 1960 வரை படையிலிருந்து விடைபெற்ற அமெரிக்கத் தரைப்படையினரின் பதிவுகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு அழிந்தது. பவேரியாவின் போர்க் காப்பகம் மியூனிக்கில் பிழைத்துக்கொண்டது. அதனால்தான் பவேரியச் சீருடையில் ஒரு பெயர் கிடைத்தால் அந்த மனிதரைத் தொடர்ந்து போக முடிகிறது, பிரஷ்யச் சீருடையில் கிடைக்கும் பெயர் பெரும்பாலும் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறது. சில மனிதர்கள் இந்த உலகத்தில் பணிசெய்தார்கள் என்பதற்கு எஞ்சிய ஒரே சான்று ஒரு கோட்டின் உள்பையில் இருக்கும் அரையங்குல எழுத்தாக இருக்கலாம். அந்தச் சீட்டைக் கிழித்துத் தனியாக விற்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் எதையும் வாங்குவதில்லை.

போலிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். முழுக்க முழுக்கப் புதிதாகச் செய்த போலியைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் கடினமில்லை. கழுத்தின் உள்பக்கத்தில் வியர்வைக் கறை இருக்காது; கொக்கிகள் பழகிய தேய்மானம் இருக்காது. புற ஊதா விளக்கைக் காட்டினால் செயற்கை நூலும் வெண்மையூட்டிய பருத்தியும் நீலவெண்மையாகப் பளீரிடும். அந்த வெண்மையூட்டிகள் இரண்டாம் உலகப் போரை ஒட்டியே பரவலாயின. இதிலும் அவசரம் கூடாது. பழைய கோட்டை யாராவது நவீன சலவைத் தூளில் துவைத்திருந்தால் அதுவும் ஒளிரும். இயந்திரத் தையல் இருக்கிறது என்று ஒதுக்குவதும் தவறு. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே தையல் இயந்திரம் படைக்கு உழைத்திருக்கிறது. ஒரு நூலிழையைப் பிரித்து எரித்துப் பார்த்தால், கம்பளி முடி கருகும் வாடையோடு பொடியும், செயற்கை இழை உருகி மணியாக உருளும்.

உண்மையான ஆபத்து உண்மையான துண்டுகளைச் சேர்த்துக் கட்டிய பொருளில் இருக்கிறது. கோட்டு உண்மை, பொத்தான்கள் உண்மை, தோள் கயிறு உண்மை. ஆனால் மூன்றும் ஒரே உடம்பில் ஒருபோதும் இருந்ததில்லை. சாதாரண ரெஜிமென்டின் கோட்டில் பெயர்பெற்ற ரெஜிமென்டின் பொத்தானைத் தைத்தால் விலை பலமடங்கு ஏறும். நாடகக் குழுக்களுக்கு வாடகை உடை கொடுத்த கடைகள் போருக்குப் பின் பழைய சீருடைகளை மலிவாக அள்ளிக்கொண்டு, மேடைக்குத் தகுந்தபடி வெட்டி ஒட்டியதும் இந்தக் குழப்பத்தைப் பெருக்கியது. பிடிபடும் இடம் எப்போதும் ஓரங்கள்தான். நூறு ஆண்டு ஓரிடத்தில் இருந்த பொத்தான் தன்னடியில் வெளுக்காத ஒரு வட்டத்தை விட்டிருக்கும்; வட்டம் பொத்தானைவிடப் பெரிதாகவோ சிறிதாகவோ இருந்தால் அது குடிபெயர்ந்து வந்த பொத்தான். தோல் கவசத்தில் கழுகுத் தகட்டைச் சுற்றி அதன் நிழல் பதிந்திருக்க வேண்டும். தகட்டுக்கடியில் பயன்படாத துளைகள் இருக்கக் கூடாது.

அப்படியானால் என் கோட்டின் அந்த ஒற்றைப் பொத்தான்? அதையும் இதே கண்ணால்தான் பார்த்தேன். அதைத் தைத்த நூல் வேறாக இருந்தாலும் பழையது, விளக்கில் ஒளிரவில்லை. பொத்தானின் முதுகு உரசி உரசித் துணியில் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. ஏமாற்ற நினைப்பவர் ஒன்பதோடு ஒத்துப்போகும் பொத்தானைத் தேடியிருப்பார். பொருந்தாததை வைத்துத் தைத்தவருக்கு அன்று அணிவகுப்புக்கு நேரமாகியிருக்க வேண்டும்.

இவற்றை எப்படிக் காப்பது என்பதில் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு: முடிந்தவரை தொடக் கூடாது. வியன்னாவின் இராணுவ வரலாற்று அருங்காட்சியகத்தில், 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் சுடப்பட்டபோது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்ட் அணிந்திருந்த வெளிர்நீலக் கோட்டு இருக்கிறது. குண்டு துளைத்த இடம் தெரிகிறது. அவரைக் காப்பாற்ற முயன்றவர்கள் கோட்டை வெட்டித் திறந்த கோடு தெரிகிறது. இரத்தக் கறை பழுப்பாகிக் கிடக்கிறது. அதைத் துவைத்து, வெட்டைத் தைத்து, அழகாக மாட்டி வைக்கலாம் என்று யாருக்காவது தோன்றுமா? அந்தக் கோட்டுக்குக் கொடுக்கும் மரியாதையைப் பெயர் தெரியாத ஒரு லெஃப்டினன்டின் கோட்டுக்கும் கொடுக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்வது. அவருடைய வியர்வைக் கறையும் சான்றுதான்.

எனவே பொத்தானைப் பளபளக்கத் தேய்க்காதீர்கள். அழுக்கோடு தங்க முலாமும் போய்விடும். ஜரிகை என்பது பட்டு அல்லது பருத்தி இழையின்மேல் சுற்றிய, தங்க முலாம் பூசிய உலோகக் கம்பி. ஒருமுறை முலாம் போனால் திரும்ப வராது. துவைக்கக் கூடாது, வெள்ளைக் கழுத்துப்பட்டையில் சிவப்பு இறங்கிவிடும். தோலில் பித்தளை பதிந்த இடங்களில் பச்சை மெழுகு போலப் படியும் களிம்பை மட்டும் மரக்குச்சியால் மெதுவாக எடுத்துவிடலாம். இது இருந்தால் தோலையும் தின்னும், உலோகத்தையும் தின்னும்.

முதல் எதிரி அந்துப்பூச்சி. பறக்கும் பூச்சி எதையும் தின்பதில்லை. அதன் புழுதான் கம்பளியைத் தின்கிறது, அதுவும் இருட்டில், மடிப்புக்குள், வியர்வை ஊறிய இடங்களில். புதிதாக வாங்கிய எந்தக் கோட்டையும் மற்றவற்றின் பக்கத்தில் உடனே வைக்கக் கூடாது. காற்றுப் புகாத பாலித்தீன் உறையில் மூடி, சுழியத்துக்குக் கீழே 18 டிகிரிக் குளிரில் இரண்டு வாரம் வைத்தால் முட்டையும் புழுவும் சாகும். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வரும் வரை பொறுத்தால் ஈரம் உறைக்கு வெளியிலேயே படியும். அதற்குப் பிறகு அமிலமில்லாத காகிதத்தைக் கைகளுக்குள் சுருட்டி வைத்து, பெட்டியில் படுக்கையாக வைப்பது நல்லது. ஜரிகைப் பாரம் உள்ள கோட்டைக் கொக்கியில் மாட்டினால் தோள் தையல் மெல்ல மெல்லக் கிழியும். காட்சிக்கு வைத்தால் 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் வேண்டாம்.

கரடித்தோல் தொப்பி, இறகுக் குஞ்சம் போன்றவற்றைக் கையுறையோடு தொடுங்கள். அந்தக் காலத்தில் பூச்சிக்கு ஆர்சனிக்கும் பாதரச உப்பும் தடவி வைப்பது வழக்கம். அவை இன்னும் அங்கேயே இருக்கலாம். இறகுகளுக்கு இன்னொரு கதையும் உண்டு. சில ரெஜிமென்டு அதிகாரிகளின் தொப்பியில் இருந்த மெல்லிய வெள்ளைக் குஞ்சம், கூடுகட்டும் காலத்தில் கொன்ற கொக்கின் இறகு. பறவைகளுக்காகப் போராடியவர்கள் விடாமல் கேட்டதில், 1899இல் விக்டோரியா அரசி அதை நிறுத்தும் ஆணைக்கு ஒப்புதல் கொடுத்தார். இன்றும் சில உயிரினங்களின் இறகு, தந்தம், தோல் ஆகியவை கொண்ட பழம்பொருள்கள் நாட்டு எல்லையைக் கடக்க அனுமதி தேவைப்படும். வாங்குமுன் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அணிந்து பார்க்கும் ஆசையையும் விட்டுவிட வேண்டும்: தையல் தாங்காது, பிரிட்டனில், உரிமையில்லாமல் படைச் சீருடை அணிந்து நடமாடுவதைத் தடுக்கும் 1894ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது.

என் கோட்டின் இரண்டாவது பெயரை அச்சிட்ட இராணுவப் பட்டியலில் கண்டுபிடித்தேன். கழுத்துப்பட்டையின் வெள்ளைக்கும் பொத்தானின் எழுத்துக்கும் ஒத்த அதே ரெஜிமென்டில், இரண்டாம் லெஃப்டினன்டுகளின் வரிசையில், கடைசிக்கு முந்தைய வரி. கோடு இழுத்த முதல் பெயரில் குடும்பப் பெயரின் முதல் மூன்று எழுத்துகளுக்குமேல் படிக்க முடியவில்லை. மை தாளையே அரித்திருக்கிறது. அந்த மூன்று எழுத்தில் தொடங்கும் பெயர்கள் அதே ரெஜிமென்டில் இரண்டு இருக்கின்றன. பக்கவாட்டு வெளிச்சத்தில் சீட்டை மறுபடியும் படமெடுக்க வேண்டும். அதுவரை பொத்தானும், தளர்த்திய தையலும், சீட்டும் அப்படியே இருக்கின்றன. தெரிந்ததையும் சந்தேகத்தையும் தனித்தனியாகப் பென்சிலில் எழுதி, அந்தத் தாளைப் பெட்டிக்குள் கோட்டின்மேல் வைத்திருக்கிறேன்.